சாம்பல் யாருக்குச் சொந்தம்? எரிந்த கடைத்தெருக்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

நாஞ்சில் நாட்டின் பழைய சந்தை ஊர் என்றால் கோட்டாறுதான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிவைத்த 'கொட்டியாரா' இந்த ஊர்தான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வரும் பாண்டி நாட்டுச் சரக்கும் மேற்கேயிருந்து வரும் மலைநாட்டுச் சரக்கும் கைமாறிய இடம். சோழர் ஆட்சியில் மும்முடிச்சோழபுரம் என்று இதற்கு இன்னொரு பெயரும் இருந்தது. 11ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் முதலாம் குலோத்துங்கன் தெற்கே படை நடத்தியபோது கோட்டாற்றுக் கோட்டை எரிக்கப்பட்டது. சிதம்பரத்திலுள்ள வடமொழிக் கல்வெட்டு இந்தத் தீயை, அர்ச்சுனன் காண்டவ வனத்தை எரித்ததோடு ஒப்பிட்டுக் கொண்டாடுகிறது. தமிழ் மெய்க்கீர்த்தியோ, கோட்டாறு உட்பட வழிநெடுக அவன் நிலைப்படைகளை நிறுத்தினான் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த சோலிக்குப் போய்விடுகிறது.

முதலில் தீ, அப்புறம் படை. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? உப்பு விற்றவர் எத்தனை நாளில் திரும்பி வந்தார்? தறி எரிந்துபோனவருக்கு நூல் யார் கடன் கொடுத்தார்கள்? பொதிமாடு ஓட்டி வந்தவர் கணவாய்க்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாரா? இந்தக் கேள்விகளுக்குக் கல்வெட்டில் இடமில்லை. ஆனால் கோட்டாறு அழிந்துவிடவில்லை. 16ஆம் நூற்றாண்டில் சவேரியார் இந்தக் கரையில் நடமாடியபோதும் அது இருந்தது. பின்னாளில் டச்சுக்காரர்கள் துணிக்காகத் திருவிதாங்கூரோடு பேரம் பேசியபோதும் இருந்தது. ஆக, யாரோ திரும்பி வந்திருக்கிறார்கள், கடையைத் திறந்திருக்கிறார்கள். எரித்தவன் கல்லில் இருக்கிறான். திறந்தவர் எழுதியிருந்தால் ஓலைக் கணக்கில் எழுதியிருப்பார். ஓலை எரியக்கூடியது, செல்லரிக்கக்கூடியது. தீயைப் பற்றிய வரலாறு நம்மிடம் ஏராளமாக இருப்பதற்கும், தீக்குப் பிந்தைய வரலாறு அநேகமாக இல்லாமலிருப்பதற்கும் இந்தச் சான்றுகளின் அரசியல் ஒரு காரணம்.

இந்த வெற்றிடத்தை நிரப்ப ஒரு கதையாடல் தயாராக இருக்கிறது: உழைப்பு. 'எரிச்சுப் போட்டாலும் எந்திரிச்சு நின்னான் பாத்தியா' என்று சிவகாசியைச் சுட்டி நம் பக்கத்துக் கடைத்திண்ணைகளில் சொல்லப்படும் வாக்கியம் அது. சொல்பவர் சில சமயம் பெருமையோடு சொல்கிறார். சில சமயம், எழ முடியாமல் கிடக்கிற இன்னொருவரைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்கிறார். அந்த வாக்கியம் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம். எரிந்த இடத்திலிருந்து எழுவதற்கு உழைப்பு வேண்டும்தான். ஆனால் உழைப்பவர்கள் எல்லோரும் எழுவதில்லை. எழுந்தவர்களுக்கு, தீ வரும் முன்பே சில விஷயங்கள் கைவசம் இருந்தன.

2

சிவகாசிக்குப் போகும் முன் இங்கேயே நடந்த ஒன்றைப் பார்க்க வேண்டும். தோள்சீலைக் கலவரங்கள் என்று நாம் அறிந்தவற்றைப் பெண்ணுடல் மீதான சாதியதிகாரத்தின் வரலாறாக வாசிக்கிறோம். அது சரியான வாசிப்பே. ஆனால் அதே நிகழ்வுகளுக்குள் உடைமை எரிப்பின் வரலாறும் இருக்கிறது. 1820களின் இறுதியிலேயே நாஞ்சில் நாட்டிலும் அதற்கு மேற்கே கல்குளம், இரணியல் பகுதிகளிலும் சபைக் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் கொளுத்தப்பட்டன. 1858 அக்டோபர் தொடங்கி 1859இன் முதல் மாதங்கள்வரை நீடித்த இரண்டாவது பெருங்கலவரத்தில், சந்தைக்கு வந்த நாடார் பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன; வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன.

சந்தை என்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். வயலில் வேலை செய்யும்போது யார் என்ன உடுத்துகிறார் என்பது நிலவுடைமையாளரின் பார்வைக்கு மட்டுமே உட்பட்டது. சந்தையோ பொதுவெளி. அங்கே வாங்குபவரும் விற்பவரும் துட்டை முன்வைத்து நேருக்கு நேர் நிற்கிறார்கள். துட்டுக்குச் சாதி தெரியாது என்கிற பயம் சாதிக்கு உண்டு. அதனால்தான் ஆடை பற்றிய தகராறு பெரும்பாலும் சந்தையில் வெடித்தது என்று தோன்றுகிறது.

1859 ஜூலை 26ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா பிறப்பித்த பிரகடனம் நாடார் பெண்கள் மேலே உடுத்தும் உரிமையை ஒப்புக்கொண்டது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற வாலையும் ஒட்டவைத்தது. சென்னை கவர்னர் டிரெவெலியனின் நெருக்குதல் இதன் பின்னணியில் இருந்தது. எரிந்துபோன கூரைக்கும் கொள்ளைபோன பண்டத்துக்கும் இந்தப் பிரகடனத்தில் பதில் கிடையாது. உரிமை காகிதத்தில் வந்தது. உடைமை வேறு வழிகளில் வரவேண்டியிருந்தது.

அந்த வழிகள் என்ன? முதலாவது மிஷன். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1820களில் தொடங்கிவைத்த லேஸ் பின்னல் பெண்களின் கையில் கூலியைக் கொண்டுவந்தது. அடிமை நிலையிலிருந்த சிறுமிகள் அந்தக் கூலியைக் கொண்டு தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்பது மிஷன் வரலாற்றில் பதிவான செய்தி. இரண்டாவது வெளியூர்ப் பிழைப்பு: இலங்கைக் காப்பித் தோட்டங்கள், பிறகு அசம்பு மலையில் 1860களில் வந்த காப்பித் தோட்டங்கள். மூன்றாவது திருவிதாங்கூர் அரசே தன் தேவைக்காகத் திறந்துவிட்ட கதவுகள். திவான் மாதவராவ் காலத்தில் மிளகு, புகையிலை ஏகபோகங்கள் கைவிடப்பட்டன. 1865 பண்டாரப்பாட்டப் பிரகடனம் சர்க்கார் நிலக் குடியானவர்களுக்கு அந்த நிலத்தின் மேல் விற்கவும் அடகு வைக்கவும் கூடிய உரிமையைத் தந்தது. அடகு வைக்க நிலம் இருந்தால்தான் கடன் பிறக்கும், கடன் பிறந்தால்தான் கடை பிறக்கும்.

ஆனால் இந்த மூன்று வழியிலும் வந்தது தனித்தனிக் குடும்பங்களின் மீட்சிதான். எரிந்ததும் ஒரு கடைத்தெரு அல்ல, சிதறிக் கிடந்த வீடுகள். தெற்குத் திருவிதாங்கூர் நாடார்களில் மிகப் பெரும்பாலோர் அப்போது பனையேறிகளாகவும் குத்தகைக்காரர்களாகவும் இருந்தார்கள். சேர்ந்து எழுவதற்கான வணிக அமைப்பு அவர்களிடம் இல்லை. இந்த வித்தியாசம் நாற்பது வருசம் கழித்துக் கணவாய்க்கு வடக்கே துலக்கமாகத் தெரிகிறது.

3

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கே போன நாடார் வணிகர்கள், 19ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரத்துக் கரிசல் பூமியில் ஆறு ஊர்களில் நிலைகொண்டார்கள். சிவகாசி, விருதுபட்டி என்ற விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி. பாளையக்காரர்கள் ஒடுக்கப்பட்டு வழிப்பறி குறைந்த பிறகு இந்த வணிகம் பெருகியது. கரிசலில் பருத்தி ஏற்றுமதிப் பயிராக மாறியது அதற்குத் தீனி போட்டது.

இந்த வணிகத்தின் அடிப்படை அலகு தனிக்கடை அல்ல, பேட்டை. வண்டி மாடுகளும் சரக்கும் ராத்தங்குவதற்காக மதில் எழுப்பிய இடம் அது. அங்கே நடக்கும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் ஒரு சிறு பங்கு பொதுநிதிக்குப் போகும். அதுதான் மகமை. மகமையை நிர்வகித்தது உறவின்முறை. குடும்பத் தலைவர்கள் எல்லோரும் அங்கத்தினர், முறைவைத்துப் பொறுப்பேற்பார்கள். கிணறு வெட்டுவது, கோயில் கட்டுவது, தகராறு தீர்ப்பது, வக்கீலுக்குக் கொடுப்பது எல்லாம் இந்த நிதியிலிருந்துதான். விருதுநகரில் 1880களிலேயே சத்திரிய வித்தியாசாலை எழுந்தது இப்படித்தான். வீட்டுக்கு வீடு பிடியரிசி பிரித்துப் பள்ளிக்கூடம் நடத்தியது தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் தெரிந்த கதை.

1899 ஜூன் 6ஆம் தேதி சிவகாசி தாக்கப்பட்டது. சுற்றுவட்டாரத்திலிருந்து மறவர்களும் வேறு சாதியினரும் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து ஊரை வளைத்தார்கள். நூற்றுக்கணக்கில் வீடுகள் எரிந்தன. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. திருநெல்வேலிச் சீமையின் பல கிராமங்களுக்குப் பரவிய கலவரம் ஜூலை நடுவில்தான் அடங்கியது. உடனடிக் காரணம் கோயில் நுழைவு. சிவகாசி விசுவநாதர் கோயிலுக்குள் போகும் உரிமையை நாடார்கள் கோரியிருந்தார்கள். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்ததற்காகச் சேதுபதி தொடுத்த வழக்கும் நடந்துகொண்டிருந்தது.

கோயிலை மட்டும் காரணமாகச் சொல்வது பாதி உண்மை. காவல் என்ற பாரம்பரிய உரிமை மறவர்களின் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. பாளையக்காரரோடு இருந்த பிணைப்பும் அறுந்தது. அதே காலத்தில் பேட்டைக்குள் சரக்கும் துட்டும் குவிந்தன. ஊரில் பலருக்கும் நாடார் கடையில் பற்று இருந்தது. கடை வேண்டும், கடைக்காரன் கோயிலுக்கு வரக்கூடாது என்ற இந்த முரண்பாட்டுக்குள்தான் தீ மூண்டது. ஒடுக்கப்பட்டவர் ஏழையாக இருந்ததற்காக அல்ல, ஏழையாக இருக்க மறுத்ததற்காக எரிக்கப்பட்டார். எரித்தவர்களில் பெரும்பாலோரும் ஏழைகள்தான். பின்னாளில் அவர்கள் சிறைக்கும் தூக்குக்கும் போனார்கள். அடுத்து வந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழும் அவர்களில் பலர் கொண்டுவரப்பட்டார்கள். இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த வரலாறு வெறும் சாதிப் பெருமையாகிவிடும்.

இனி, எழுந்த கதை. பொதுவாக இது இப்படிச் சொல்லப்படுகிறது: 1899இல் எரிந்தது, 1923இல் தீப்பெட்டி வந்தது, ஊர் குட்டி ஜப்பான் ஆயிற்று. நடுவிலிருக்கும் இருபத்திநான்கு வருசத்தை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார்கள். உண்மையான வேலை நடந்தது அந்த வருசங்களில்தான்.

முதலாவதாக, எரியாமல் மிஞ்சியது எது என்று கேட்க வேண்டும். கூரையும் சரக்கும் எரிந்தன. ஆனால் சிவகாசி வணிகரின் முதல் முழுவதும் சிவகாசிக்குள் இருக்கவில்லை. பாதி வண்டியில் போய்க்கொண்டிருந்தது. பாதி, பக்கத்துக் கிராமங்களில் பற்றாக நின்றது. மற்ற ஐந்து ஊர்களில் பெண் கொடுத்து எடுத்த சம்பந்திகள் இருந்தார்கள். அவர்களுக்கும் பேட்டை இருந்தது, மகமை இருந்தது. 'கணக்கு அப்புறம் பாத்துக்கிடலாம், சரக்க ஏத்திட்டுப் போங்க அண்ணாச்சி' என்று ஒருவர் சொல்லக்கூடிய உறவு ஒரு வணிகச் சமூகத்தின் மிகப் பெரிய முதல். அதற்கு எந்தத் தீயும் எட்டாது. நாஞ்சில் நாட்டில் 1859இல் எரிந்த குடிசைக்காரருக்கு இப்படிச் சொல்ல ஆறு ஊரில் ஆள் கிடையாது.

இரண்டாவதாக, சட்டம் கைகொடுக்கவில்லை. கமுதி வழக்கு கீழ்க்கோர்ட்டில் தோற்றது, ஐக்கோர்ட்டிலும் தோற்றது, கடைசியில் 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோற்றது. இத்தனை படி ஏறி வழக்காட முடிந்ததே மகமையின் பலத்தைக் காட்டுகிறது. தோல்வியோ வேறொன்றைக் கற்றுக்கொடுத்தது. கோயிலையும் கோர்ட்டையும் நம்பி நிற்காமல் தன் சொந்த நிறுவனங்களைக் கட்டுவது என்ற திசை அதற்குப் பிறகு தெளிவாகிறது. 1910இல் பொறையாறு ரத்தினசாமி நாடார் முன்கையெடுத்து நாடார் மகாஜன சங்கத்தைக் கூட்டினார். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி திறக்கப்பட்டது (1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆயிற்று). பேட்டையின் மகமைப் பெட்டி சங்கத்தின் நிதியாகி, வங்கியின் வைப்பாகி வளர்ந்த பாதை இது. நம்பிக்கை என்ற வாய்ச்சொல் படிப்படியாகக் காகிதமாயிற்று, பங்குப் பத்திரமாயிற்று.

மூன்றாவதாக, காலம். 1922இல் காலனி அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரியை உயர்த்தியது. அரசுக்கு வருமானம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த வரிச்சுவரின் நிழலில் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கு இடம் பிறந்தது. ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி 1923இல் விம்கோவைத் தொடங்கியதும் இதே காரணத்தால்தான். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்ததும் இதே தறுவாயில்தான். அவர்களுடைய துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் துணிச்சலுக்குப் பின்னால் சங்கமும், வங்கியும், வரியும் வரிசையாக நின்றன. கொண்டுவந்த ஜெர்மன் இயந்திரங்களைவிடக் கைவேலை மலிவாகத் தெரிந்தது. மழை பொய்க்கும் கரிசலில் வேலைக்கு அலைகிற கைகளுக்குப் பஞ்சமில்லை. தீப்பெட்டிக்குப் பின்னால் மத்தாப்பு, பட்டாசு, தீப்பெட்டிப் படம் ஒட்டுவதற்காக வந்த அச்சாபீஸ் என்று தொழில்கள் ஒன்றையொன்று பெற்றுப் போட்டன.

4

இந்த இடத்தில் வேறொரு நகரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும். 1666 செப்டம்பரில் லண்டன் எரிந்தபோது 13,200 வீடுகளும் 87 சபைக் கோயில்களும் போயின. அதன் பிறகு நடந்தவற்றில் இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியம். ஒன்று, தீ நீதிமன்றம். லண்டன் கடைக்காரர்களில் ஏராளமானோர் வாடகைக்காரர்கள். குத்தகைப் பத்திரத்தின்படி எரிந்த கட்டடத்தைச் சீர்செய்ய வேண்டியது அவர்கள் தலையில், வாடகையும் நிற்காது. கட்டடம் இல்லை, வாடகை உண்டு! 1667இல் அமைந்த தீ நீதிமன்றம் இந்த வழக்குகளை எடுத்து, நில உரிமையாளருக்கும் வாடகைக்காரருக்கும் இடையே நட்டத்தைப் பகிர்ந்து, யார் கட்ட வேண்டும், எத்தனை வருசக் குத்தகை என்று விரைந்து தீர்த்துவைத்தது. சாம்பல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு லண்டன் முதலில் விடை கண்டது. கட்டடம் அப்புறம்தான் எழுந்தது. இரண்டாவது, 1680களில் நிக்கலஸ் பார்பன் முதலியோர் தொடங்கிய தீக்காப்பீடு. முகம் தெரியாத ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, எரிந்தவனுக்குக் கொடுக்கும் ஏற்பாடு.

மகமையும் இதையே செய்கிறது: எல்லோரும் கொஞ்சம் போட, விழுந்தவர் அதைப் பிடித்து எழுகிறார். வித்தியாசம், மகமையில் முகம் தெரியும், சாதி தெரியும். பாலிசி வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் காப்பீடு பணம் தர வேண்டும். மகமைக்குள் பிறக்க வேண்டும். சாதியத்தால் எரிக்கப்பட்ட ஒரு சமூகம் சாதியையே காப்பீடாக மாற்றிக்கொண்டது. வேறு காப்பீடு இல்லாத இடத்தில் அது நியாயமான தற்காப்பு. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சாதியால் கிடைத்த மீட்சி, சாதியைத் தாண்டிப் போவதில்லை.

மகமையும் இல்லாமல், தீ நீதிமன்றமும் இல்லாமல் ஒரு சந்தை எரிந்தால் என்ன ஆகும்? சென்னை மூர் மார்க்கெட் நல்ல எடுத்துக்காட்டு. 1900இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, பறவை, மீன், தட்டுமுட்டுச் சாமான் என்று கிடைக்காத பண்டமில்லை. தமிழ்நாட்டுப் புத்தகப் பித்தர்கள் ஒரு தலைமுறையே அங்கே வளர்ந்தது. 1985 மே 30ஆம் தேதி இரவில் அது எரிந்தது. சென்ட்ரல் ரயில் நிலையத்தை விரிவாக்க அந்த இடம் ஏற்கெனவே கேட்கப்பட்டுவந்ததால், தீ தானாகப் பிடித்ததா என்ற சந்தேகம் வியாபாரிகளிடையே அப்போதே எழுந்து, கடைசிவரை தீரவில்லை. சந்தேகம் ஒரு பக்கம் இருக்கட்டும். விளைவு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. சாம்பலை அள்ளிய இடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. மூர் மார்க்கெட் வளாகம் என்ற பெயர் மட்டும் அதற்கு மிஞ்சியது. கடைக்காரர்கள் பக்கத்திலிருந்த அல்லிக்குளம் வளாகத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

அவர்கள் உழைக்காமலா இருந்தார்கள்? விடிகாலையில் பழைய பேப்பர்க் கடைகளில் அலைந்து புத்தகம் பொறுக்கியவர்களின் உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் மாநகராட்சியின் வாடகைதாரர்கள். பல சாதி, பல மதம். சேர்ந்து நிற்க உறவின்முறை கிடையாது. அதைவிட முக்கியமாக, பழைய புத்தகக் கடையின் முதல் என்பது அது இருக்கும் இடத்தின் நினைவு. ரயிலிலிருந்து இறங்கியவர் கால் தானாக அங்கே போக வேண்டும். இடம் போனால் அந்தப் பழக்கமும் போய்விடும். மாற்றுக்கடை கொடுத்தாயிற்று என்று கோப்பை மூடுகிற அதிகாரத்துக்கு இது நட்டமாகத் தெரியாது. எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாத நட்டம் இது. ஆனால் வியாபாரத்தைக் கொன்றது இதுதான்.

5

இப்போது அந்தத் திண்ணை வாக்கியத்துக்குத் திரும்பலாம். 'எரிச்சுப் போட்டாலும் எந்திரிச்சு நின்னான்.' இதை யாரைப் பார்த்துச் சொல்கிறோம்? பெரும்பாலும் தலித்துகளைப் பார்த்து. 2012 நவம்பர் 7ஆம் தேதி தர்மபுரி நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம் முதலான மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமாயின. உடனடிக் காரணம் ஒரு காதல் திருமணம். ஆனால் அந்த வீடுகளில் எரிந்தது என்ன? வெளியூர்களுக்குப் போய் வேலை செய்து சேர்த்த துட்டில் வாங்கிய பீரோ, டிவி, மோட்டார் சைக்கிள், பிள்ளைகளின் சர்டிபிகேட், சீட்டுப் பணம், நகை. 1899 சிவகாசியில் எரிந்ததும் இதன் இன்னொரு வடிவம்தான். உரிமை கேட்கிற அளவுக்கு ஒருவர் கையில் நாலு காசு சேர்ந்ததுதான் இரண்டு இடத்திலும் தீயின் இலக்கு.

ஆனால் தீக்குப் பிந்தைய நிலை ஒன்றல்ல. சிவகாசிக்காரரிடம் சரக்கு வாங்காமல் சுற்று வட்டாரத்தால் ரொம்ப நாள் இருக்க முடியாது. தாக்க வந்தவருக்கும் உப்பும் புகையிலையும் வேண்டும். சந்தையில் ஒருவர் தவிர்க்க முடியாத இடத்தைப் பிடித்திருப்பது அவருக்குப் பாதுகாப்பு. நத்தத்துக்காரரிடம் கடை இல்லை, கூலி மட்டுமே இருந்தது. கூலிக்கு உள்ளூரில் வேறு ஆள் கிடைக்கும். அவர்களுடைய வீடுகளைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பு முழுக்க அரசின் கையில் இருந்தது. அரசு தருவது இழப்பீடு. அது வீட்டைத் தரும், கடனைத் தராது. 'கணக்கு அப்புறம் பாத்துக்கிடலாம்' என்று சொல்ல அரசுக்கு வாய் கிடையாது.

எனவே சிவகாசியைப் பிறருக்கு உபதேசமாக்குவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். சிவகாசி காட்டுவது தனிமனித வைராக்கியத்தை அல்ல. தீக்கு முன்பே கூட்டாகச் சேமித்த ஒரு சமூகத்தை அது காட்டுகிறது. அந்தச் சேமிப்பைச் சாத்தியமாக்கிய வணிக வழிகள் யாருக்குத் திறந்திருந்தன, யாருக்கு மூடியிருந்தன என்று கேட்காமல் அதை ஒரு முன்மாதிரியாக வைக்க முடியாது. பனையேறியிலிருந்து வணிகராக ஒருவர் மாற முடிந்தது. அவர் விற்ற கருப்பட்டியை மற்றவர்கள் வாங்கினார்கள். தலித் ஒருவர் டீக்கடை வைத்தால் ஊர் அங்கே டீ குடிக்க வராது. இரட்டைக் குவளையை ஒழிக்கவே இத்தனை காலமாகப் போராட வேண்டியிருக்கிறபோது, பேட்டையும் மகமையும் அவர்களிடம் ஏன் இல்லை என்று கேட்பது எகத்தாளம்.

6

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிவகாசியில் தீ அணையவில்லை, இடம் மாறியது. எரிக்கப்பட்ட ஊர், எரிகிற பொருளைச் செய்து பிழைக்கும் ஊராயிற்று. இதில் உள்ள முரணை ரசித்துவிட்டுப் போய்விட முடியாது. காரணம், அந்தப் பொருளைத் தொட்ட கைகள் யாருடையவை என்பது.

தீப்பெட்டி ஆபீசுக்கும் பயர் ஆபீசுக்கும் ஆட்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். விடியும் முன்பே பஸ் வந்து நிற்கும். தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள் ஏறுவார்கள். 1983இல் ஸ்மிது கோத்தாரி 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் எழுதிய கட்டுரை இந்தப் பிள்ளைகளின் எண்ணிக்கையை நாற்பதாயிரத்துக்கும் மேல் என்று சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். பல சாதிகளின் ஏழை வீட்டுப் பிள்ளைகள். குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, படம் ஒட்டுவது எல்லாம் எண்ணிக்கைக் கூலி. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அந்தப் பட்டப்பெயரின் மறுபக்கத்தை ஊருக்கே காட்டியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்சநீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பள்ளிச் சத்துணவு, இயந்திரமயம், கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து அதன் பிறகு குழந்தை உழைப்பு வெகுவாகக் குறைந்தது. வெடிவிபத்துகள் குறையவில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் ஒரே ஆலையில் ஏறக்குறைய நாற்பது பேர் இறந்தார்கள். தீயைக் கண்டு உதவ ஓடிவந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

கூலிக்காரர் தன் கூலியில் ஒரு பங்கை உறவின்முறைக்குக் கொடுப்பவர் அல்ல. எனவே மகமையின் கணக்கில் அவருக்கு வரவும் இல்லை, பற்றும் இல்லை. 1899இல் எரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வங்கியும் கல்லூரியும் கண்டார்கள். அது போராடிப் பெற்றது, யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. ஆனால் அவர்கள் கட்டிய பொருளாதாரத்தில் தீயின் ஆபத்து மேலிருந்து கீழே இறக்கிவிடப்பட்டது. முதலாளிக்குக் காப்பீடு உண்டு. தொழிலாளிக்கு விபத்துக்குப் பிறகு அறிவிக்கப்படும் நிவாரணம் உண்டு. ஒரு கடைத்தெருவின் மீட்சி என்பது நட்டத்தை ஒழிப்பதல்ல. பெரும்பாலும் அதை வேறொருவர் தலைக்கு மாற்றுவது. லண்டன் தீ நீதிமன்றம் நில உரிமையாளருக்கும் வாடகைக்காரருக்கும் இடையே நட்டத்தைப் பங்கிட்டது. சிவகாசியில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே அப்படிப் பங்கிட ஒரு நீதிமன்றம் அமையவில்லை.

கோட்டாற்றில் 11ஆம் நூற்றாண்டில் கடையை மறுபடி திறந்தவர்களை இனி நாம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நம் காலத்துத் தீக்களைப் பற்றி எழுதும்போது மெய்க்கீர்த்தியின் வேலையையே நாமும் செய்ய வேண்டியதில்லை. எரித்தவர் யார், எரிந்தவர் யார் என்பதோடு நிற்காமல், எரிந்த மண் யார் பெயரில் பட்டாவாக இருந்தது, முதல் சரக்கைக் கடனாகக் கொடுத்தது யார், அந்தக் கடனை உழைத்து அடைத்தது யாருடைய கைகள் என்று கேட்டு எழுதலாம். உறவின்முறை நோட்டுகளும், வங்கிப் பேரேடுகளும், வாடகை ரசீதுகளும், தீப்பெட்டி ஆபீஸ் கூலிப் புத்தகங்களும் இதற்கான பிரதிகள். அவை இன்னும் பல பரண்களில் கிடக்கக்கூடும். அவையும் எரியக்கூடியவைதான்.